ரோமாபுரியும் ராயபுரமும்: தமிழ் மேடையில் ஐரோப்பியத் தொன்மக் கதைகள்

ஐரோப்பாவின் புனிதர் கதைகளையும் அரசர் கதைகளையும் தமிழில் பாடியும் ஆடியும் பார்த்தும் மகிழும் வழக்கம் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுப் பழமை கொண்டது. ஞானசௌந்தரி, ஜெனோவா, எஸ்தாக்கியார், மூவிராசாக்கள், என்றீக் எம்பரதோர் ஆகிய கதைகள் கடற்கரையூர்களின் கூத்துமேடை, நகரத்து நாடகக் கொட்டகை, திரைப்படம் என மூன்று இடங்களில் வாழ்ந்துள்ளன. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் இவற்றைப் பெரும்பாலும் ‘கிறித்தவ இலக்கியம்’ என்ற தலைப்பின் கீழ் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகள் இவற்றைச் சடங்கு சார்ந்த கலையாகக் காண்கின்றன. தொலைவிலுள்ள ஒரு நிலத்தின் கதையையும் உடையையும் ஒரு மக்கள்கூட்டம் ஏன் விரும்பி அணிந்து பார்த்தது என்ற கேள்வி இரண்டிலும் விடுபடுகிறது. வடசென்னையின் துறைமுகப் பகுதியை முன்வைத்து இக்கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது.

ராயபுரம் என்னும் பெயர்

ஐரோப்பிய மொழிகளின் வழியே வந்த பெயர்களைத் தமிழ்க் கத்தோலிக்க மரபு தன் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டது. புனித பீட்டர் ‘இராயப்பர்’ ஆனார். பால் ‘சின்னப்பர்’ ஆனார். ஜான் ‘அருளப்பர்’ ஆனார். ராயபுரம் என்ற ஊர்ப்பெயர் இராயப்பர் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் குருகுல வம்சத்தைச் சேர்ந்த படகுத்தொழில் சமூகத்தினரால் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது.

இச்சமூகத்தின் தொழிலை நினைவில் கொள்வது அவசியம். சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் கரையிலிருந்து விலகி, திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் சரக்குகளையும் அலைகளைக் கடந்து கரைசேர்த்தவை பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள். சென்னைக்கு வந்த ஐரோப்பியர் ஒவ்வொருவரும் முதலில் இப்படகோட்டிகளின் கைகளை நம்பியே மண்ணில் கால்வைத்தனர். ஆகவே இப்பகுதி மக்களுக்கு ஐரோப்பா கேள்விப்பட்ட ஊர் மட்டும் அன்று. கூலி கொடுப்பதும், பேரம் பேசுவதும், அதிகாரம் செய்வதுமாக அன்றாடம் எதிர்ப்பட்ட ஒன்று.

தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையமும் இங்குதான் 1856இல் திறக்கப்பட்டது. ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்பிலுள்ள தூண்வரிசை பண்டைய கிரேக்க, ரோமானியக் கட்டடக்கலையை நினைவூட்டுவது. ஆங்கிலேயரும் தம்மைப் பழைய ரோமின் வாரிசாகக் காட்டிக்கொள்ள விரும்பினர் என்பதற்கு அக்கட்டடம் ஒரு சான்று. ரோமானிய வேடம் அணியும் ஆசை தமிழ் நடிகருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

கதைகள் வந்த வழி

இக்கதைகள் முதலில் ஏட்டிலும் பாட்டிலும் வந்தன. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்த பேதுருப் புலவர் 1647இல் பாடிய ‘சந்தியோகுமாயோர் அம்மானை’ புனித யாகப்பரைப் பற்றியது. ‘சந்தியோகு மாயோர்’ என்பது போர்த்துக்கீசிய வழக்கின் தமிழ் ஒலிப்பு. குதிரைமேல் வாளேந்திப் போர்புரியும் வீரராக ஐபீரிய நாடுகளில் கொண்டாடப்பட்ட புனிதர், பெண்கள் அம்மானை ஆடிப் பாடும் செய்யுள் வடிவத்துக்குள் வந்து அமர்ந்தார்.

கேரளத்தின் கொச்சி, கொடுங்ஙல்லூர்க் கடற்கரையில் போர்த்துக்கீசியர் காலத்தில் உருவான சவிட்டு நாடகமும் இதற்கு நெருங்கிய உறவு. சார்லமேன் பேரரசரின் கதையைச் சொல்லும் ‘காறல்மான் சரிதம்’ அதன் முதன்மையான நாடகம். அதை இயற்றியவர் தமிழகத்திலிருந்து சென்ற சின்னத்தம்பி அண்ணாவி என்று மரபு சொல்கிறது. பழைய சவிட்டு நாடக ஏடுகளின் மொழி தமிழும் மலையாளமும் கலந்தது. பலகை மேடை அதிர மிதித்து ஆடும் நடிகர்கள் இடைக்கால ஐரோப்பியப் படைவீரர் உடையை அணிகின்றனர்.

இலங்கையில் மன்னார், யாழ்ப்பாணக் கடற்கரைகளில் இம்மரபு கத்தோலிக்க நாட்டுக்கூத்தாகத் தழைத்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘என்றீக் எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசௌந்தரி’ ஆகிய மன்னார் நாடகங்களை ஏடுகளிலிருந்து பதிப்பித்தார். ‘எம்பரதோர்’ என்பது பேரரசரைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்திருந்ததில் ஒரு நாடக உத்தி உண்டு. ‘அரசன்’ என்றால் ஊரில் தெரிந்த அரசன். ‘எம்பரதோர்’ என்றால் கடலுக்கு அப்பாலிருந்து வருபவன். புரியாத சொல்லின் கம்பீரமும் அந்த வேடத்தின் ஒரு பகுதி.

சென்னையில் இக்கதைகளின் வாழ்வு கோயில்திருவிழாவைவிடத் தொழில்முறை நாடகத்தைச் சார்ந்திருந்தது. வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகை வடசென்னையின் புகழ்பெற்ற நாடக அரங்கு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களில் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘நல்லதங்காள்’ ஆகியவற்றோடு ‘ஞானசௌந்தரி’யும் இடம்பெறுகிறது. சைவப் பற்றுள்ள ஒருவர் மாதாவின் அருளைச் சொல்லும் நாடகத்தை எழுதியதும், அதைப் பாலர் சபைச் சிறுவர்கள் பல ஊர்களில் நடித்ததும் அன்று வியப்பாகக் கருதப்படவில்லை. பார்வையாளருக்கு அது வள்ளிக்கும் நல்லதங்காளுக்கும் அடுத்த இரவில் பார்க்கும் இன்னொரு கதை.

கையிழந்த பெண்

ஞானசௌந்தரி கதையின் மூலம் ‘கையிழந்த பெண்’ என நாட்டார் கதை ஆய்வாளர் வகைப்படுத்தும் ஐரோப்பியக் கதை. 13ஆம் நூற்றாண்டில் பிலிப் தெ ரெமி பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘லா மனெக்கீன்’ அதன் பழைய எழுத்து வடிவங்களுள் ஒன்று. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பிலும் இக்கதை உள்ளது. கதையின் பொது அமைப்பு இதுதான். குற்றமற்ற பெண்ணின் கைகள் வெட்டப்படுகின்றன. காட்டில் கிடந்தவளை ஓர் அரசன் மணக்கிறான். அவன் வெளியூர் சென்றிருக்கையில் அவள் தாயாகிறாள். போய்ச்சேர வேண்டிய கடிதங்கள் மாற்றி எழுதப்படுகின்றன. அவள் கைக்குழந்தையோடு துரத்தப்படுகிறாள். இறையருளால் கைகளைத் திரும்பப் பெற்று, கணவனோடு சேர்கிறாள்.

ஐரோப்பிய வடிவங்களில் குற்றவாளி யார் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. ‘லா மனெக்கீன்’ கதையில் மகளையே மணக்க விரும்பும் தந்தையிடமிருந்து தப்பிக்கப் பெண் தானே தன் கையை வெட்டிக்கொள்கிறாள். கிரிம் கதையில் சாத்தானோடு செய்த ஒப்பந்தத்துக்காகத் தந்தை மகளின் கைகளை வெட்டுகிறான். மாதாவின் அற்புதங்களாகச் சொல்லப்பட்ட சில வடிவங்களில் மட்டும் மாற்றாந்தாய் அதைச் செய்விக்கிறாள். தமிழில் வேர்விட்டது இந்த மாற்றாந்தாய் வடிவம்.

தமிழ் மேடை இவ்வடிவத்தை எளிதாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நல்லதங்காள் கதையில் அண்ணன் நல்லவன், அண்ணி அலங்காரி கொடியவள். ஆண் அறியாமல் இன்னொரு பெண் கொடுமை செய்கிறாள் என்ற அமைப்பு தமிழ்ப் பார்வையாளருக்கு ஏற்கெனவே பழக்கமானது. அந்த அமைப்பில் ஞானசௌந்தரி சிக்கலின்றிப் பொருந்திவிட்டாள்.

ஆனால் இதனால் கதையின் கூர்மை மழுங்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். தந்தை குற்றவாளியாகும் வடிவங்கள் வீட்டின் அதிகாரத்தையே கேள்விக்குட்படுத்துகின்றன. பெண்ணின் உடல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அங்கே நேராக எழுகிறது. மாற்றாந்தாய் வடிவத்தில் அது பெண்களுக்கிடையிலான பொறாமையாகச் சுருங்குகிறது. தந்தை கடைசியில் வருந்தித் தப்பிக்கிறார். கணவன் கடிதத்தால் ஏமாற்றப்பட்டவன் என்பதால் அவனும் தப்பிக்கிறான். வெட்டுண்ட கைகளுக்கு ஆண்கள் யாரும் பொறுப்பேற்பதில்லை.

பிரபாண்ட் நாட்டு ஜெனோவாவின் கதை இந்த வகையில் சற்று நேர்மையானது. போருக்குச் சென்ற கணவன், காரியக்காரன் கோலோவின் பொய்யை நம்பி மனைவியைக் கொல்ல ஆணையிடுகிறான். கொலையாளிகள் இரங்கி விட்டுவிட, அவள் காட்டுக்குகையில் மகனை வளர்க்கிறாள். பெண்மான் ஒன்று பால் தருகிறது. வேட்டைக்கு வந்த கணவன் அவளைக் கண்டுகொள்கிறான். இங்கே கணவனின் சந்தேகமே கொலைக்கருவி. காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதையை அறிந்த பார்வையாளருக்கு இக்கதையின் வலி அந்நியமாக இருந்திருக்காது.

உடையும் படுதாவும்

மேடையில் அணியப்பட்ட உடை எந்த நூற்றாண்டுக்கும் எந்த நாட்டுக்கும் உரியதன்று. வெல்வெட் அங்கி, ஜரிகைக் கரை, பொன்தாள் ஒட்டிய கிரீடம், முழங்கால்வரை காலுறை, இடுப்பில் வாள் என்ற தொகுப்பு பார்சி நாடகக் குழுக்களின் வழியாகவும் கோயில் சொரூபங்களின் வழியாகவும் வந்தது. ரோமானிய வேந்தன் ஒருவனுக்கும் ஜெர்மானியக் கோமகன் ஒருவனுக்கும் இடையே உடையில் வேறுபாடு தெரியாது. பின்னால் தொங்கிய படுதாவில் வரையப்பட்ட அரண்மனை அரிச்சந்திரனுக்கும் பயன்பட்டது.

இதை வரலாற்று அறியாமை என்று தள்ளுவது எளிது. ஆனால் எதிர்த்திசையில் நடந்ததையும் கருத வேண்டும். இத்தாலியரான வீரமாமுனிவர் ‘தேம்பாவணி’யில் சூசையப்பர் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய நாட்டுப்படலத்துக்குள் வைத்தார். அவருடைய பெயரோடு தொடர்புடைய கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை தமிழ்ப்பெண்ணின் உடையில் நிற்கிறாள். முனிவர் மாதாவுக்குச் சேலை அணிவித்தார். கடற்கரை மக்கள் தாங்கள் காலுறையும் கிரீடமும் அணிந்தனர். இரண்டும் ஒரே கொடுக்கல்வாங்கலின் இரு பக்கங்கள். முதலாவதை ‘பண்பாட்டுமயமாதல்’ என்று பாராட்டும் ஆய்வுலகம் இரண்டாவதை ‘அந்நிய மோகம்’ என்று குறைத்துப் பேசுவதில் நியாயமில்லை.

கூத்தில் அரச வேடம் கட்டும் உரிமை சமூகத்தில் பொருட்படுத்தத்தக்க ஒன்று. பகலில் வலையிழுப்பவரும் மூட்டை தூக்குபவரும் ஓரிரவு பேரரசராக நின்று ஆணையிடும் வாய்ப்பை இம்மேடை அளித்தது. உள்ளூர் அரசர் கதைகளில் யார் அரசர், யார் அவருக்குக் கீழ் என்ற நினைவுகள் சாதியோடு பிணைந்திருந்தன. கடலுக்கு அப்பாலுள்ள ரோமாபுரிக்கு அந்தச் சுமை கிடையாது. அதன் அரியணையில் யாரும் அமரலாம். இக்கதைகள் கடற்கரை மக்களிடம் பெற்ற செல்வாக்குக்கு இந்த விடுதலை ஒரு முக்கியக் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மேடையில் வராத ஐரோப்பியர்

இக்கதைகள் அனைத்திலும் ஒருவர் காணாமற்போகிறார்: அன்றாடம் துறைமுகத்தில் கண்ட ஐரோப்பியர். ஞானசௌந்தரியின் உலகில் லண்டன் கிடையாது, கம்பெனி கிடையாது, கப்பல் முதலாளி கிடையாது. மேடையிலுள்ள ஐரோப்பா புனிதர்களும் அவர்களைத் துன்புறுத்தும் கொடியவர்களும் வாழும் பழங்காலத்து நாடு. கூலி கொடுத்த ஐரோப்பாவும் கும்பிடப்பட்ட ஐரோப்பாவும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

இம்மரபின் மிகப்பெரிய குறை இதுதான். படகோட்டிகளிடமும் துறைமுகத் தொழிலாளர்களிடமும் ஐரோப்பியரைப் பற்றிய நேரடி அறிவு ஏராளமாக இருந்தது. கோட்டைக்குள் இருந்த துபாஷிகளைப் போலவே அவர்களும் அவர்களை அருகிலிருந்து கண்டவர்கள். அந்த அறிவு நாடகமாகவில்லை. கட்டியக்காரனின் பகடியில் ஊர்ப் பெரியவர் அடிபடலாம். துரை முதன்மைப் பாத்திரமாகி விசாரிக்கப்படவில்லை. சமயம் தந்த ஆறுதல், அரசியல் கேள்விக்குத் திரையாகவும் பயன்பட்டது.

இன்னொரு ரோமாபுரி

ராயபுரத்துக்கு இன்னொரு ரோமாபுரியும் உண்டு. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழைக்கிடையே நடைபெற்றது. அங்கு பேசிய சி.என். அண்ணாதுரை ஐரோப்பிய வரலாற்றைத் தமிழ் மேடைப்பேச்சின் அன்றாடப் பொருளாக்கியவர்களில் முதன்மையானவர். ‘ரோமாபுரி ராணிகள்’ அரண்மனைச் சீரழிவைச் சொல்லும் நூல். ‘மாஜி கடவுள்கள்’ ஒருகாலத்தில் வணங்கப்பட்டு இன்று வழிபாடற்றுப்போன ஐரோப்பியத் தெய்வங்களைப் பற்றியது. ‘ஏழை பங்காளர் எமிலி ஜோலா’ அநீதிக்கெதிராகப் பேனா பிடித்த பிரெஞ்சு எழுத்தாளரைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்தது.

கூத்துமேடையின் ரோமாபுரியில் அற்புதம் நிகழும். பொதுக்கூட்ட மேடையின் ரோமாபுரியில் ஆட்சி சரியும். முதலாவது பொறுத்திருந்தால் அருள் கிடைக்கும் என்றது. இரண்டாவது பேரரசுகளும் தெய்வங்களும் நிலையானவை அல்ல என்றது. படிப்பகங்களில் செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்ட தொழிலாளர் குடியிருப்புகளில், இரண்டாவது ரோமாபுரி முதலாவதன் குறையை ஓரளவு நிறைவுசெய்தது. தொலைநாட்டு வரலாறு உள்ளூர் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் கருவியானது.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. அண்ணாவின் ரோம் அடுக்குமொழியால் ஒளியேற்றப்பட்ட ரோம். சான்றுகளை ஒப்பிட்டு, காரணங்களைப் பிரித்து, தயங்கித் தயங்கி முடிவுக்கு வரும் வரலாற்றெழுத்து அல்ல அது. அதே காலத்தில் ‘கிரீஸ் வாழ்ந்த வரலாறு’, ‘பிளேட்டோவின் அரசியல்’ முதலிய நூல்களை எழுதிய வெ. சாமிநாத சர்மாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். சர்மா ஐரோப்பாவை அறியச் சொன்னார்; அண்ணா ஐரோப்பாவைக் கொண்டு தமிழ்நாட்டை அறியச் சொன்னார். வாசகரின் எண்ணிக்கையில் அண்ணா வென்றார். ஐரோப்பிய வரலாற்றை அதன் பொருட்டே படித்து மகிழும் வழக்கம் தமிழில் வலுப்பெறாமற்போனதற்கு இவ்வெற்றியும் ஒரு காரணம்.

திரைப்படத்தில்

1948இல் ‘ஞானசௌந்தரி’ இருமுறை படமானது. சிட்டாடல் நிறுவனத்துக்காக எஃப். நாகூர் இயக்கிய படத்தில் டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்தனர். ஜெமினி நிறுவனமும் அதே ஆண்டில் அதே கதையைப் படமாக்கியது. சிட்டாடல் படம் பெருவெற்றி பெற்றது; ஜெமினியின் படம் தோற்றது. சிட்டாடல் படத்தில் மாதாவை நோக்கிப் பாடப்படும் வேண்டுதல் பாடல் சமய எல்லையைக் கடந்து நிலைத்தது.

1953இல் நாகூரின் இயக்கத்தில் ‘ஜெனோவா’ வெளிவந்தது. எம்.ஜி. ராமச்சந்திரனும் பி.எஸ். சரோஜாவும் நடித்தனர். எம்.ஜி.ஆர் திராவிட இயக்கத்தை நெருங்கிய காலம் அது. பகுத்தறிவு மேடையின் ரோமாபுரியும் கத்தோலிக்கக் கூத்தின் ரோமாபுரியும் ஒரே நடிகரின் வாழ்வில் சந்தித்துக்கொண்டன. ஆனால் தொடர்ந்தது உடை மட்டுமே. பின்னர் வந்த ராஜா ராணிப் படங்களில் வாளும் காலுறையும் இருந்தன. புனிதரும் அற்புதமும் இல்லை. ‘நாடோடி மன்னன்’ (1958) ஆங்கில நாவலான ‘த பிரிசனர் ஆஃப் செண்டா’வின் ஆள்மாறாட்டக் கதையை எடுத்துக்கொண்டு, அரியணையில் அமரும் நாடோடியைக் கொண்டு மக்களாட்சித் திட்டம் பேசவைத்தது. கூத்துமேடையில் ஓரிரவு அரசரான உழைப்பாளியின் கனவை இப்படம் அரசியல் வாக்குறுதியாக்கியது.

மதிப்பீடு

தமிழில் ஐரோப்பியத் தொன்மக் கதைகளை அவற்றின் சமயச் சார்புக்காகப் புகழ்வதும், அந்நியத்தன்மைக்காக ஒதுக்குவதும் ஒரே அளவில் போதாதவை. இவற்றைத் தமிழ்க் கதைமரபின் உறுப்பாகவே வாசிக்க வேண்டும். நல்லதங்காளோடு ஞானசௌந்தரியையும், சீதையோடு ஜெனோவாவையும் அருகருகே வைக்கும்போது தமிழ்ச் சமூகம் எந்தத் துயரத்தைப் பாடத் துணிந்தது, எந்தக் குற்றவாளியைப் பெயர்சொல்லத் தயங்கியது என்பது தெளிவாகும்.

இம்மரபின் வலிமை அதன் துணிச்சலான உரிமை கொண்டாடலில் உள்ளது. ரோமாபுரியைப் பார்த்திராதவர்கள் அதைத் தம் ஊராக்கிக்கொண்டனர். அதன் பேரரசருக்கு விருத்தமும் கொச்சகமும் பாடக் கற்றுக்கொடுத்தனர். அதன் பலவீனம், கண்ணெதிரே நின்ற ஐரோப்பாவை அது பார்க்க மறுத்ததில் உள்ளது. துறைமுகத் தொழிலாளியின் கண்வழியே ஐரோப்பியரைக் காட்டும் நாடகமோ நாவலோ இம்மரபிலிருந்து பிறந்திருக்க முடியும். அது எழுதப்படாமற்போனது தமிழ்ப் புனைவுக்கு நேர்ந்த இழப்பு.

மாணவர்கள் இத்துறையில் செய்ய வேண்டியவை பல. மன்னார் ஏடுகளையும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்தையும் சிட்டாடல் படத்தையும் வரிசையாக வைத்து, ஞானசௌந்தரி கதையில் எது கூடியது, எது விடுபட்டது என்று ஒப்பிடுவது முதற்பணி. உடைகளும் படுதாக்களும் எங்கிருந்து வந்தன என்பது தனித்த ஆய்வுக்குரியது. கையிழந்த அந்தப் பெண்ணுக்குக் கைகளைத் திருப்பிக் கொடுக்க ஒவ்வொரு காலத்தின் மேடையும் அற்புதத்தையே நம்பியது. அற்புதம் இல்லாத ஒரு முடிவை இக்கதைக்குத் தமிழ் இன்னும் எழுதிப் பார்க்கவில்லை.